கடன் வாங்கிய மார்க்

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் ஒரு பட்டியலைப் பற்றிப் பேசிவிடலாம். அவ்வப்போது செய்தித்தாளில் வரும் பட்டியல்தான்: எரிசக்தியில் எந்த நாடு முதலிடம், எந்த மாநிலம் எத்தனையாவது இடம் என்று. நம் மாநிலம் மேலே இருந்தால் ஆளுங்கட்சிக்காரர் பகிர்வார். கீழே இருந்தால் எதிர்க்கட்சிக்காரர் பகிர்வார். எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை.

லண்டனில் உலக எரிசக்தி மன்றம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1923-இல் தொடங்கியது. 2010 முதல் நாடுகளுக்கு மார்க் போட்டு வருகிறது. அவர்கள் கேட்பது மூன்று கேள்விகள். மின்சாரமும் எரிபொருளும் தடையில்லாமல் கிடைக்குமா, ஓர் அடி விழுந்தால் சீக்கிரம் எழுந்துகொள்ளுமா? இது பாதுகாப்பு. எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்கிறதா, வாங்குகிறவருக்குக் கட்டுபடியாகிறதா? இது இரண்டாவது. காற்று, தண்ணீர், பருவநிலை இவற்றைக் கெடுக்காமல், வீணடிக்காமல் நடக்கிறதா? இது மூன்றாவது, நிலைத்தன்மை என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 30 மார்க். மீதி 10 அந்த நாட்டின் நிர்வாகம், பொருளாதாரச் சூழல் போன்றவற்றுக்கு. பாடத்துக்குப் பாடம் ஏ, பி, சி, டி என்று கிரேடும் உண்டு. சுவீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து வழக்கமாக மேலே நிற்கும். கத்தார், குவைத் மாதிரி நாடுகள் இரண்டாவது பாடத்தில் பிரமாதமாக வாங்கிவிட்டு மூன்றாவதில் சறுக்கும். பெட்ரோலும் கரண்டும் தண்ணீர் விலைக்குக் கிடைத்தால் யார்தான் அளந்து செலவழிப்பார்கள்?

இதுவரை எளிது. சிக்கல் கூட்டல் போடும் இடத்தில் வருகிறது. பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் தமிழில் வாங்கிய மார்க்குக்கும் கணக்கில் வாங்கிய மார்க்குக்கும் சம்பந்தம் இல்லை. எரிசக்தியில் அப்படி இல்லை. ஒரு பாடத்தில் வந்திருக்கும் நல்ல மார்க், பெரும்பாலும் இன்னொரு பாடத்திடம் வாங்கிய கடன். வாங்கிய வருஷத்துப் பட்டியலில் அது கடன் என்று தெரியாது. திருப்பிக் கேட்கும்போதுதான் தெரியும். இதற்கு நார்வேக்கோ ஜெர்மனிக்கோ போக வேண்டியதில்லை, தமிழ்நாட்டின் இருபது வருஷக் கதையே போதும்.

2003-இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் முதல் மின்கட்டண ஆணையைப் போட்டது. அடுத்த ஆணை வந்தது 2010-இல். நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் நிலக்கரி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜும் மிக்ஸியும் வந்தன, ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஆலைகள் வந்தன. கட்டணம் மட்டும் அசையவில்லை. அந்த நாளில் யாராவது மார்க் போட்டிருந்தால், கட்டுபடியாகும் பாடத்தில் நமக்கு நல்ல கிரேடுதான் வந்திருக்கும். விற்கிற விலை வாங்குகிற விலையைவிடக் குறைவாக இருந்ததால் மின்வாரியத்தின் கையில் காசில்லை. கையில் காசில்லாததால் புதிய அனல்மின் நிலையங்கள் தள்ளிப்போயின. தேவை மட்டும் யாருக்கும் காத்திருக்கவில்லை.

2008-இல் வெட்டு தொடங்கியது. ஆலைகளுக்கு மின்விடுமுறை, வீடுகளுக்கு அறிவித்த கட் ஒன்று, அறிவிக்காத கட் பல. 2012-இல் உச்சம். சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் கோவை, மதுரைப் பக்கம் பகலும் இரவுமாகச் சேர்த்து அரை நாளைத் தாண்டியது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, மாவாட்டி, செல்போனைச் சார்ஜில் மாட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுவிட வேண்டும். கடைக்காரர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பட்டறைக்காரர்கள் டீசல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். ஜெனரேட்டர் யூனிட் அன்றைக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் அடக்கமாகியிருக்கும். மலிவு விலைக் கரண்டின் மீதிக் காசை இப்படித்தான் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கட்டினார்கள். அது மின்வாரியக் கணக்கில் வராது. கட்டுபடியாகும் மார்க்கிலும் குறையாது. அந்த வருஷம் ஏப்ரலில் கட்டணம் 37 சதவீதம் ஏறியதும் இதே கடனின் இன்னொரு தவணைதான்.

அதே 2012-இல் நடந்த இன்னொன்றைச் சொன்னால், பாதுகாப்பு என்ற பாடத்துக்கு மார்க் போடுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பது விளங்கும். ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின்தொகுப்பு அடுத்தடுத்து சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வசிக்கும் பகுதி இருண்டது. ரயில்கள் நடு வழியில் நின்றன. தெற்கு விழவில்லை. நாம் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. தென்னக மின்தொகுப்பு அப்போது நாட்டின் மற்ற தொகுப்போடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. தால்ச்சேர்–கோலார் போன்ற சில நேர்மின் பாதைகள் வழியாக மட்டும் அளவாகக் கரண்ட் வரும். வடக்கில் விலைக்குக் கிடைத்த மின்சாரத்தைத் தெற்கால் வேண்டிய அளவு கொண்டுவர முடியாமல் போனதும் இதனால்தான். நம் பவர் கட் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தத் தனிமை நம்மை இருட்டில் வைத்ததோ அதே தனிமை பெரிய இருட்டிலிருந்து காப்பாற்றியது. 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக இணைப்பு நடந்தது. அதன் பிறகு வாங்க முடிந்தது. கூடவே, எங்கோ ஏற்படும் அதிர்ச்சி இங்கே வரும் வழியும் திறந்தது. இணைந்த பிறகு பாதுகாப்பு கூடியதா குறைந்ததா? கூடியது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எவ்வளவு என்று ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால் முழிக்க வேண்டியதுதான்.

வெட்டு தாங்காமல் அரசு என்ன செய்தது? கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கியது. நீண்டகால ஒப்பந்தங்கள், குறுகியகாலக் கொள்முதல், கூடவே வட சென்னை, மேட்டூர் அனல்மின் நிலைய விரிவாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையம். கூடங்குளத்தின் முதல் உலை 2014 கடைசியில் வணிக உற்பத்திக்கு வந்தது, இரண்டாவது 2017-இல். ஆளுக்கு 1,000 மெகாவாட். கரி இல்லாத மின்சாரம் என்பதால் மூன்றாம் பாடத்திலும் மார்க் கூடும். அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த மீனவக் குடும்பங்களின் பயத்துக்கு எந்தப் பட்டியலிலும் ஒரு கட்டம் கிடையாது. இருக்க வேண்டுமா என்று கேட்டால், எப்படி அளப்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அளக்க முடியாததாலேயே பூஜ்யம் ஆகிவிடாது.

பவர் கட் போனது. பாதுகாப்பு மார்க் ஏறியது. அது யார் பேரில் ஏறியது தெரியுமா? 2014 டிசம்பரில் ஒருமுறை கட்டணம் ஏறிய பிறகு 2022 செப்டம்பர் வரை மறுபடி பெரிதாகத் தொடவில்லை. 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விவசாயத்துக்கு இலவசம் அதற்கு ரொம்ப முந்தியது. வாங்குவது அதிக விலைக்கு, கொடுப்பது குறைந்த விலைக்கு. 2017-இல், மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அப்படியும் கடன் மறுபடி வளர்ந்து ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. முதல் சுற்றில் மலிவு விலையின் கடனைப் பவர் கட்டாகக் கட்டினோம். இரண்டாம் சுற்றில் பவர் கட் இல்லை, விலையும் ஏறவில்லை, வட்டி ஏறியது.

இலவசத்தைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூரை வீட்டில் ஒரு பல்பு எரிவது, கிணற்றில் மோட்டார் ஓடுவது எல்லாம் இரண்டாம் பாடத்தின் உயிர். கேள்வி, யாருக்கு என்பது. 2022-இல் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25, அடுத்த இருநூறு 4.50, கடைசி நூறு ஆறு ரூபாய், மொத்தம் 1,725. மீட்டரில் 501 என்று வந்துவிட்டால் அந்த 2.25 படி மறைந்து 4.50 ஆகிவிடும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல். மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு நாள் தாமதித்தால் வீட்டில் ஏன் சண்டை வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்து வீட்டுக்கு ஒரே மீட்டர் வைத்து வாடகைக்காரரிடம் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கும் வீட்டுக்காரர்கள் ஊரெல்லாம் உண்டு. இலவச நூறும் இல்லை, மலிவுப் படியும் இல்லை. அந்தக் குடித்தனக்காரர் கொடுக்கும் விலை எந்த அரசாங்கக் கணக்கிலும் இல்லை. சராசரி விலை குறைவு என்று பட்டியல் சொல்லும். மூன்று ஏசி ஓடும் வீட்டுக்கு அரசு தரும் நூறு யூனிட்டும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறது.

சராசரி என்றாலே இப்படித்தான். மின்தடையை அளக்க உலகமெங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு நுகர்வோருக்கு வருஷத்தில் சராசரியாக எத்தனை நிமிஷம் கரண்ட் இல்லை, எத்தனை தடவை போனது. நல்ல கணக்குதான். ஆனால் நகரத்து ஃபீடரையும் கடைக்கோடிக் கிராமத்து ஃபீடரையும் ஒரே எண்ணில் கலந்தால் நகரம் கிராமத்தை மூடிவிடும். கரண்ட் இருக்கிறது என்று மீட்டர் சொல்லும், லோ வோல்டேஜில் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். அது தடை என்று பதிவாகாது. மும்முனை மின்சாரம் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால் பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு வரப்பில் நடக்கிற விவசாயிக்கு அது கிடைத்த மின்சாரமா, கிடைக்காததா? கணக்குப்படி கிடைத்ததுதான்.

மூன்றாம் பாடத்துக்கு வருவோம். இதில் தமிழ்நாடு மார் தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் சோதனையாக நட்டதில் தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய், கம்பம் கணவாய் என்று மலை வாய் திறந்த இடமெல்லாம் காற்றாலை. 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆடிக்காற்றில் ஒரே நாளில் பத்துக் கோடி யூனிட்டைத் தாண்டும். தை மாசம் போய்ப் பார்த்தால் இறக்கைகள் சும்மா நிற்கும். வருஷ மொத்தத்தில் இத்தனை சதவீதம் பசுமை மின்சாரம் என்று அறிக்கை எழுதுகிறவருக்கு ஆடியும் தையும் ஒன்று. அனுப்புகை மையத்தில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு நிமிஷம் உற்பத்தியையும் தேவையையும் சமன் செய்கிறவருக்கு அப்படி இல்லை. ஆடியில் மிஞ்சுவதைக் கணக்கில் வரவு வைத்துத் தையில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ ஏற்பாட்டுக்காக கோவை, திருப்பூர் மில்காரர்களும் மின்வாரியமும் வருஷக்கணக்காக மல்லுக்கு நிற்பது இதனால்தான். மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது; தையில் திருப்பிக் கொடுக்க வாரியம் வேறு எங்கோ வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மாநில எல்லை. 2022 ஏப்ரலில் நிதி ஆயோக் மாநிலங்களுக்கு எரிசக்தி, பருவநிலைக் குறியீடு ஒன்றை வெளியிட்டது. பெரிய மாநிலங்களில் குஜராத், கேரளம், பஞ்சாப் முதல் மூன்று. சத்தீஸ்கர் கடைசி மூன்றுக்குள். சரி, இப்போது ஒரு கம்பியைப் பின்தொடருங்கள். சத்தீஸ்கரின் ராய்கரில் நிலக்கரி வெட்டி அங்கேயே எரிக்கிறார்கள். அங்கிருந்து 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை ஒன்று சுமார் 1,800 கிலோமீட்டர் ஓடி நம்ம புகளூருக்கு வருகிறது. 6,000 மெகாவாட் தாங்கும். புகளூரிலிருந்து இன்னொரு பாதை திருச்சூருக்குப் போகிறது, 2,000 மெகாவாட். கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. சாம்பல் ராய்கரில் விழுகிறது, வெளிச்சம் திருச்சூரில் எரிகிறது, மார்க் கேரளத்துக்குப் போகிறது. கேரளத்தைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது; நாமும் அதே கம்பியில் வாங்குகிறவர்கள்தான். நம்ம பக்கம் நெய்வேலி இருக்கிறது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுவதும் கடலூர் மாவட்டத்தில். மின்சாரம் கர்நாடகம், ஆந்திரம், கேரளம், புதுச்சேரி வரை. எங்கே எரித்தார்கள் என்று பார்த்து மார்க் போடுவதா, யார் பயன்படுத்தினார்கள் என்று பார்த்துப் போடுவதா? இரண்டாவதுதான் நியாயம் என்பது என் கட்சி. கணக்கெடுக்க முதலாவதுதான் சுலபம். அதனால் அதுவே நடக்கிறது.

அந்த நிதி ஆயோக் குறியீட்டில் நூற்றுக்கு 40 பங்கு எடை மின்விநியோக நிறுவனத்தின் நிதி, நிர்வாக நிலைக்கு. கிடைப்பது, விலை, நம்பகம் மூன்றும் சேர்ந்து 15. எரிசக்திச் சிக்கனத்துக்கு 6. லண்டன்காரர்கள் 30, 30, 30 என்று பிரித்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்தால் ஒரு வரிசை, குடும்பத் தலைவி கண்ணால் பார்த்தால் வேறு வரிசை. கடனில் மூழ்கிய வாரியங்களைத் திருத்த வேண்டும் என்பதே நிதி ஆயோக்கின் அவசரம். எடை அதைச் சொல்கிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை, அறிக்கையிலேயே இருக்கிறது. படிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

கடன் ஒரே நாளில் திரும்பக் கேட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கையைத்தான் பார்க்க வேண்டும். அங்கும் ஒன்பது வருஷம் கட்டணம் உயரவில்லை. மழை நன்றாகப் பெய்தால் மகாவலி, களனி ஆறுகள் மின்சாரம் தரும். பெய்யாவிட்டால் டீசலும் எண்ணெயும் எரிக்க வேண்டும், நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குமதியாக வேண்டும். எல்லாம் டாலர். 2022-இல் டாலர் தீர்ந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டு. தெருவிளக்கை அணைத்தார்கள், காகிதம் இல்லாமல் பரீட்சை தள்ளிப்போனது. அந்த ஆகஸ்டில் கட்டணம் 75 சதவீதம் உயர்ந்தது, 2023 பிப்ரவரியில் மேலும் 66. கரண்ட் திரும்பி வந்தபோது கட்ட முடியாமல் இணைப்பு துண்டிக்கப்பட்ட வீடுகள் பெருகின. பாதுகாப்பு, விலை இரண்டும் ஒரே வருஷத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. புகை குறைந்திருக்கும், உண்மைதான். எரிக்க ஒன்றும் இல்லாதபோது புகை குறைவதற்கும் மார்க் உண்டு என்பதுதான் இந்தக் கணக்குகளின் கொடுமையான வேடிக்கை. பிறகு 2025 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறித் தீவு முழுக்க இருண்டது. ஊர் சிரித்தது. குரங்கு ஒரு சாக்கு. ஞாயிறு பகலில் ஆலைகள் ஓடாது, தேவை குறைவு, கூரைச் சோலார் நிறைய. சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் குறைவாக இருந்த நேரத்தில் அதிர்ச்சியைத் தாங்கும் எடை தொகுப்பில் இல்லை. மூன்றாம் பாடத்தில் ஏறிய மார்க், முதல் பாடத்தில் வாங்கிய சின்னக் கடன்.

இந்தக் கடன் நம்ம ஊரிலும் ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பேச்சு. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சோலார் கை கொடுக்கிறது. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் மாதிரி தென்மாவட்டத் தரிசெல்லாம் கண்ணாடிப் பலகை. சாயங்காலம் ஆறரைக்கு அது இறங்கிவிடும். ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, மின்விசிறி, டி.வி., ஏசி. சந்தையில் யூனிட் உச்சவரம்பான பத்து ரூபாய்க்கு விற்பது அந்த நேரத்தில்தான். பட்டியல்காரர்கள் வருஷ மொத்தத்தை வைத்துப் பசுமை மார்க் போடாமல், மாலை ஏழிலிருந்து பத்து வரை ஓடிய கரண்ட் எங்கிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்று ஒரே ஒரு வரி போட்டால் மூன்று பாடமும் அதில் தெரிந்துவிடும். மதியம் மிஞ்சுவதை மாலைக்கு வைத்துக்கொள்ள நம்மிடம் இருக்கும் பெரிய ஏற்பாடு கடம்பாறை. கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி விசையாழியைச் சுற்றுவது. 1980-களில் கட்டியது, 400 மெகாவாட். அடுத்தது குந்தாவில், 500 மெகாவாட், வேலை நடந்துகொண்டிருக்கிறது.